மெனு கார்டு இல்லையா... கவலை வேண்டாம்! இத்தாலி கிராமத்துக் குடும்ப உணவகத்தில் சாப்பிடுவது எப்படி?

"எத்தனை பேர்?"

இத்தாலியின் கிராமப்புறத்தில் இருக்கும் ஒரு சின்ன உணவகத்துக்கு போன் போட்டால், வணக்கம் சொன்ன கையோடு வரும் கேள்வி இதுதான். உங்கள் பெயரை அரைகுறையாகத்தான் காதில் வாங்குவார்கள். எண்ணிக்கையை மட்டும் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வார்கள். அதற்குக் காரணம் இருக்கு. வீட்டில் பாஸ்தா செய்கிறவர்களின் பழைய கணக்கு, ஆளுக்கு 100 கிராம் மாவு, ஒரு முட்டை. நீங்கள் 'நாலு பேர்' என்று சொன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சமையலறையில் உங்களுக்கென்று நாலு முட்டை உடைபடும்.

ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் என்று சுற்றுலா போகிறவர்கள் பலரும் இந்த சாப்பாட்டைப் பார்க்காமலே திரும்பி வந்துவிடுகிறார்கள். பெரிய சதுக்கத்தில், போட்டோ போட்ட மெனு, வாசலில் நின்று கூப்பிடும் ஆள், அவசரமாக ஒரு பீட்சா. 'இத்தாலி சாப்பாடு இவ்வளவுதானா?' என்று அலுத்துக்கொள்வார்கள். நகரத்திலிருந்து அரை மணி நேரம் தள்ளிப் போனால், அம்மா சமைக்க, அப்பா பரிமாற, பிள்ளை கல்லாவில் நிற்கும் உணவகங்கள் இருக்கின்றன. அங்கே போவது சுலபம். ஆனால், அங்கே சில வழக்கங்கள் உண்டு. அது தெரியாமல் போனால் வயிறும் கஷ்டப்படும், பர்ஸும் கஷ்டப்படும். சைவக்காரர் என்றால் மனசும் கஷ்டப்படும். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்த்துடலாம்.

பெயர்ப் பலகையில் என்ன இருக்கு?

'ரிஸ்டோரான்டே' என்று போட்டிருந்தால், பொதுவாக அச்சடித்த மெனு, சீருடை போட்ட பணியாளர்கள் என்று கொஞ்சம் முறையான இடம். 'ட்ராட்டோரியா' என்பது குடும்பம் நடத்தும் எளிமையான உணவகம். 'ஓஸ்டெரியா' ஒரு காலத்தில் ஒயின் மட்டும் ஊற்றிக்கொடுத்த இடம். சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டி எடுத்துவந்து அங்கே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். இன்று இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

பெயரை மட்டும் நம்பிப் போய்விடாதீர்கள். மொதெனா நகரில் இருக்கும் 'ஓஸ்டெரியா ஃப்ரான்செஸ்கானா' மூன்று மிஷெலின் நட்சத்திரம் பெற்ற உணவகம். 'ஓஸ்டெரியா'ன்னு இருக்கே, சல்லிசா இருக்கும் என்று நுழைந்தால் அவ்வளவுதான்!

நான்காவது வகை, 'அக்ரிடூரிஸ்மோ'. இது பண்ணை வீட்டு உணவகம். பலவற்றில் தங்கும் அறைகளும் உண்டு. இந்தப் பெயரை இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. 1985-ல் இதற்கென்றே இத்தாலி தனிச் சட்டம் போட்டது. 2006-ல் அதை மாற்றிப் புதுச் சட்டம் வந்தது. விவசாயம்தான் அந்தக் குடும்பத்தின் முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும், பரிமாறும் பொருள்களில் கணிசமான பங்கு சொந்தப் பண்ணையிலும் அந்த வட்டாரத்திலும் விளைந்ததாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். எவ்வளவு பங்கு என்பதை அந்தந்த மாகாணமே முடிவு செய்கிறது. கிராமத்துச் சாப்பாட்டை முதல்முறை ருசிக்கப் போகிறவர்கள் இங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

வாரக் குடியானவனின் வீடு

டஸ்கனி, உம்ப்ரியா, மார்க்கே பகுதிகளில் குன்றின்மேல் தனியாக நிற்கும் கல்வீட்டில் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அந்த வீட்டின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். நூற்றாண்டுகளாக அங்கே 'மெட்ஸாட்ரீயா' என்ற முறை இருந்தது. நிலம் பண்ணையாருடையது, உழைப்பு குடியானவனுடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. நம் பக்கத்தில் வாரம் என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அதேதான்.

பாதியைக் கொடுத்த பிறகு மிஞ்சியதில் பெரிய கூட்டுக்குடும்பம் சாப்பிட வேண்டும். அதனால்தான் அந்தப் பக்கத்துச் சமையலில் எதுவுமே வீணாகாது. காய்ந்த ரொட்டி சூப்பாகும். நேற்றைய சூப் இன்றைக்கு மறுபடி அடுப்பேறும். 'ரிபொல்லீட்டா' என்ற புகழ்பெற்ற டஸ்கன் சூப்பின் பெயருக்கு அர்த்தமே 'மறுபடி கொதிக்க வைத்தது' என்பதுதான். பழையதுக்கு இருக்கும் ருசி நமக்குத் தெரியாததா என்ன!

1964-ல் புதிதாக வார ஒப்பந்தம் போடுவதைச் சட்டம் தடுத்தது. அதே காலகட்டத்தில் இளைஞர்கள் தொழிற்சாலை வேலைக்கு நகரத்தைப் பார்த்துக் கிளம்பினார்கள். ஆயிரக்கணக்கான கல்வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிற்பாடு அவற்றில் பல அக்ரிடூரிஸ்மோக்களாக மாறின. அதாவது, பசிக்காகக் கண்டுபிடித்த சமையலை இன்று உலகமே காசு கொடுத்துச் சாப்பிடுகிறது.

போவதற்கு முன்னால்...

* போன் பண்ணுங்கள். ஞாயிறு மதியம் உள்ளூர்க் குடும்பங்கள் மூன்று தலைமுறையோடு வந்து உட்கார்ந்திருக்கும். முன்பதிவு இல்லாமல் போனால் இடம் கிடைப்பது கஷ்டம். மொழிப் பிரச்னையா? நீங்கள் தங்கியிருக்கும் இடத்தில் சொன்னால் அவர்களே பேசிவிடுவார்கள்.

* நேரம் பாருங்கள். மதியம் சுமார் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு, இரண்டரை வரை. இரவு ஏழரைக்கு மேல். நடுவில் சமையலறை மூடியிருக்கும். 'நாலு மணிக்கு ஏதாவது இருக்குமா?' என்றால் பூட்டிய கதவுதான் பதில் சொல்லும்.

* விடுமுறை கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் லீவு. அது எந்த நாள் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆகஸ்ட் 15 'ஃபெர்ராகோஸ்டோ' பண்டிகை. அதையொட்டிச் சிலர் ஒன்றிரண்டு வாரம்கூட மூடிவிடுவார்கள்.

* யார் வண்டி ஓட்டுவது? இந்த இடங்களுக்கு பஸ் அபூர்வம். வாடகை கார்தான் வழி. இத்தாலியில் ரத்தத்தில் ஆல்கஹால் அளவு லிட்டருக்கு 0.5 கிராமைத் தாண்டக் கூடாது. லைசென்ஸ் எடுத்து மூன்று வருஷம் ஆகாதவர்களுக்கு ஒரு சொட்டுகூட அனுமதி இல்லை. காரில் ஒருவர் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

* வர முடியாவிட்டால் சொல்லிவிடுங்கள். இருபது முப்பது பேருக்கு மட்டும் சமைக்கும் இடத்தில் ஆறு பேர் வராமல் போனால், பிசைந்த மாவும் போச்சு, வேறு ஆளுக்குக் கொடுத்திருக்கக்கூடிய மேஜையும் போச்சு. ஒரு நிமிஷப் போன் அந்தக் குடும்பத்தின் அன்றைய வருமானத்தைக் காப்பாற்றும்.

உட்கார்ந்ததும் என்ன நடக்கும்?

பல இடங்களில் மெனு கார்டே வராது. பரிமாறுகிறவர் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, அன்றைக்கு என்ன இருக்கிறது என்று வாயாலேயே சொல்வார். பதறாதீர்கள். இரண்டு மூன்று பெயர் காதில் விழுந்தால் போதும். விலை தெரிய வேண்டுமென்றால் 'க்வான்டோ கோஸ்டா?' என்று கேட்பதில் தப்பே இல்லை.

முதலில் தண்ணீர். 'நத்தூராலே' என்றால் சாதாரணத் தண்ணீர். 'ஃப்ரிட்ஸான்டே' என்றால் கேஸ் அடைத்தது. இரண்டுக்குமே காசு. ஒயின் குடிப்பவர்கள் 'வீனோ டெல்லா காஸா' என்று கேட்கலாம். அந்த வீட்டு ஒயின். பாட்டில் வேண்டியதில்லை, கால் லிட்டர், அரை லிட்டர் என்று கூஜாவில் வரும்.

அடுத்து ரொட்டிக் கூடை. வெண்ணெய் வராது, தேடாதீர்கள். டஸ்கனியில் ரொட்டியைக் கடித்ததும் 'உப்பு போட மறந்துட்டாங்களோ?' என்று தோன்றும். மறக்கவில்லை. அங்கே ரொட்டியே உப்பில்லாமல்தான். உப்பு தூக்கலான ஹாம், சீஸ், ஆலிவ் எண்ணெய் இவற்றோடு சேர்த்துச் சாப்பிடும்போது அதன் கணக்கு புரியும். ரொட்டி முழுவதையும் பசியில் காலி செய்துவிடாதீர்கள். பின்னால் அதற்கு ஒரு வேலை இருக்கு.

ஐந்து சுற்று... அத்தனையும் கட்டாயமா?

இத்தாலியச் சாப்பாடு ஒரே தட்டில் வராது, சுற்றுச் சுற்றாக வரும். டஸ்கனியை வைத்துப் பார்ப்போம்.

ஆன்டிபாஸ்டோ: சாப்பாட்டுக்கு முந்தைய சின்னச் சின்ன வகைகள். உப்பில் பதப்படுத்திய பன்றி இறைச்சி, சீஸ், கோழி ஈரல் தடவிய ரொட்டித் துண்டு. தக்காளி போட்ட 'ப்ருஸ்கெட்டா'வும் இருக்கும்.

ப்ரீமோ: முதல் சுற்று. பாஸ்தா, ரிசோட்டோ, சூப் எல்லாம் இதில் அடக்கம். சியெனா பக்கம் போனால் 'பிச்சி' சாப்பிடுங்கள். மாவும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கையால் ஒவ்வொன்றாக உருட்டிய தடித்த நூல் பாஸ்தா. ஒரு இழைபோல இன்னொரு இழை இருக்காது. அதுதான் கையால் செய்தது என்பதற்கு அடையாளம்.

செகோன்டோ: இரண்டாம் சுற்று. இறைச்சி அல்லது மீன். காட்டுப்பன்றி, முயல், மாடு எல்லாம் சர்வசாதாரணம். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

கொன்டோர்னோ: தொட்டுக்கொள்ள வரும் காய்கறி. கேட்டால்தான் வரும், அதற்குத் தனிக் காசு. டஸ்கனியின் வெள்ளைப் பீன்ஸை ஆலிவ் எண்ணெய் ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள். இவ்வளவு எளிமையான பண்டத்துக்கு இவ்வளவு ருசியா என்றிருக்கும். புது ஆலிவ் எண்ணெய் வரும் நவம்பர் மாதத்தில் போனால் அதிர்ஷ்டம். பச்சை வாசமும், தொண்டையில் மெல்லிய காரமும் இருக்கும்.

டோல்ச்சே: இனிப்பு. 'கன்டூச்சி' என்ற பாதாம் பிஸ்கட்டை 'வின் சான்டோ' என்ற இனிப்பு ஒயினில் தோய்த்துச் சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம்.

அத்தனையும் ஆர்டர் செய்ய வேண்டியதில்லை. ஆளுக்கொரு ப்ரீமோ, நடுவில் பகிர்ந்துகொள்ள ஒரு ஆன்டிபாஸ்டோ, ஒரு கொன்டோர்னோ. அதுவே வயிறு நிறையும். குழந்தைகளுக்கு 'மெட்ஸா போர்ட்சியோனே' என்று கேட்டால் பல இடங்களில் பாதி அளவு தருவார்கள். பிள்ளைகள் சத்தம் போட்டாலும் யாரும் முறைக்க மாட்டார்கள்.

இப்போது அந்த ரொட்டி. பாஸ்தா தீர்ந்ததும் தட்டில் மிஞ்சும் குழம்பை ஒரு துண்டு ரொட்டியால் வழித்துச் சாப்பிடுவதற்கு 'ஸ்கார்பெட்டா' என்று பெயர். 'குட்டி ஷூ' என்று அர்த்தம். பெரிய விருந்துகளில் இது நாகரிகமில்லை என்பார்கள். குடும்ப உணவகத்தில் தாராளமாகச் செய்யலாம். பளபளவென்று திரும்பி வரும் தட்டைவிட சமைத்தவருக்கு வேறென்ன பாராட்டு வேண்டும்?

பக்கத்து மாகாணம் போனால் வேற சாப்பாடு!

டஸ்கனியில் சாப்பிட்டதை, மலை தாண்டி எமிலியா ரோமான்யாவில் தேடாதீர்கள். அங்கே முட்டை போட்டுப் பிசைந்து, நீளக் கட்டையால் துணிபோல விரித்த பாஸ்தாதான் ராஜா. உலகமெல்லாம் 'ஸ்பகெட்டி போலோனீஸ்' விற்கிறது. போலோன்யாவின் மரபில் அந்த இறைச்சிக் குழம்புக்கு ஜோடி 'தல்யத்தெல்லே' என்ற நாடா பாஸ்தா. வெந்த தல்யத்தெல்லேயின் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972-ல் அந்நகர வர்த்தக சபையில் பதிவே செய்துவைத்திருக்கிறார்கள். குழம்பின் செய்முறை 1982-ல் பதிவானது. தெற்கே புலியாவுக்குப் போனால் முட்டையே இல்லாத ரவை மாவில் செய்த, குட்டிக் காது வடிவ 'ஒரெக்கியெட்டே'. அதனால், 'இன்னைக்கு உங்க ஊர்ச் சாப்பாடு என்ன?' என்று கேட்பதுதான் எப்போதும் நல்லது.

சைவமா? இதைக் கட்டாயம் படிங்க!

நல்ல செய்தி முதலில். இறைச்சி வாங்க வசதியில்லாத குடியானவர்களின் சமையல் என்பதால், இறைச்சி இல்லாத பண்டங்களுக்குக் குறைவே இல்லை. தக்காளியும் ரொட்டியும் கரைந்த 'பப்பா அல் பொமொடோரோ', பெரிய வகைப் பூண்டும் தக்காளியும் போட்ட 'பிச்சி அல்லாலியோனே', கோடையில் ஊறவைத்த ரொட்டியும் வெள்ளரியும் சேர்த்த 'பான்ட்சனெல்லா', மழைக்குப் பிறகு காட்டில் கிடைக்கும் போர்ச்சினி காளான் போட்ட பாஸ்தா... பட்டியல் நீளும்.

ஆனால், மறைந்திருக்கும் விஷயங்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

* சூப்: ரிபொல்லீட்டா பார்க்கச் சைவம். சில வீடுகளில் ஹாம் எலும்பு போட்டுக் கொதிக்க வைப்பார்கள். ரிசோட்டோவிலும் இறைச்சி வேகவைத்த தண்ணீர் சேர்வது சகஜம்.

* 'கார்னே' என்ற சொல்: 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால், ஹாம் துண்டையோ நெத்திலி மீனையோ அதில் சேர்த்தி என்று எல்லாரும் நினைப்பதில்லை. ஒவ்வொன்றாகச் சொல்வதே பாதுகாப்பு.

* சீஸ்: இதுதான் பலருக்கும் தெரியாதது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸில் பாலைத் திரியவைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். பெகொரீனோ ரொமானோவில் ஆட்டுக்குட்டியின் ரென்னட். இவற்றுக்கு மாற்று வழி கிடையாது, விதிமுறையே அப்படித்தான். கண்டிப்பான சைவம் என்றால், தாவர ரென்னட் போட்ட சீஸ் இருக்கிறதா என்று 'கால்யோ வெஜெட்டாலே?' எனக் கேளுங்கள். இல்லையென்றால் சீஸ் தூவ வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

* இனிப்பு: பன்னா கோட்டாவில் ஜெலட்டின். டிராமிசுவில் பச்சை முட்டை.

* முட்டை: 'பாஸ்தா ஃப்ரெஸ்கா' என்றாலே வட இத்தாலியில் பெரும்பாலும் முட்டை உண்டு. முட்டையும் ஆகாது என்றால் 'சென்ட்ஸா உவோவா' என்று சொல்லுங்கள். உலர்ந்த கோதுமைப் பாஸ்தா உங்களுக்குக் கைகொடுக்கும்.

ஆண்கள் 'ஸோனோ வெஜெட்டரியானோ', பெண்கள் 'ஸோனோ வெஜெட்டரியானா' என்று சொல்ல வேண்டும். இதைச் சாப்பிட உட்கார்ந்த பிறகு சொல்வதைவிட போனிலேயே சொல்வது உத்தமம். முதல்நாள் தெரிந்தால் அந்தம்மா உங்களுக்கென்று தனியாக ஒரு பானை வைப்பார். கடைசி நிமிஷத்தில் சொன்னால், இருக்கும் குழம்பிலிருந்து இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுக் கொடுக்கத்தான் நேரம் இருக்கும்.

பில்லில் கவனம்!

பில் தானாக வராது. நீங்கள் கேட்காமல் பில்லை நீட்டினால், எழுந்து போகச் சொல்வதுபோல் ஆகிவிடும் என்பது அவர்கள் எண்ணம். 'இல் கொன்டோ, பெர் ஃபவோரே' என்று கேட்டு வாங்குங்கள்.

அதில் 'கொபெர்டோ' என்று ஒரு வரி இருக்கும். மேஜைவிரிப்பு, ரொட்டி, தட்டு, கரண்டிக்கான தலைக்கட்டணம். பெரும்பாலும் ஆளுக்கு 1 முதல் 3 யூரோ. இது மோசடி இல்லை, பழைய வழக்கம். ஆனால், விலைப்பட்டியலில் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். 'செர்விட்ஸியோ' என்றால் சேவைக் கட்டணம். அதுவும் போட்டிருந்தால் டிப்ஸ் பற்றி யோசிக்கவே வேண்டாம். போடாவிட்டாலும் டிப்ஸ் கட்டாயமில்லை. மனசு நிறைந்தால் சில்லறையை விட்டுவிட்டு வரலாம்.

உண்மையில் பலர் அதிர்ச்சி அடைவது 'எத்தோ' என்ற சின்னச் சொல்லில். எத்தோ என்றால் 100 கிராம். ஃப்ளோரன்ஸின் புகழ்பெற்ற மாட்டுக்கறித் துண்டுக்கும், முழு மீனுக்கும் பெரும்பாலும் எடைக்குத்தான் விலை. 6 யூரோ என்று போட்டிருப்பதைப் பார்த்து ஆர்டர் செய்தால், வருவது 1.2 கிலோ துண்டாக இருக்கும். 12 எத்தோ, 72 யூரோ! சமைப்பதற்கு முன்பே எடை எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். நல்ல இடமென்றால் அவர்களே மேஜைக்குக் கொண்டுவந்து காட்டுவார்கள்.

இன்னும் ஒன்று. சாப்பாடு முடிந்ததும் கப்புசினோ கேட்காதீர்கள். பால் காபி அவர்களுக்குக் காலை உணவு. வயிறு நிறைந்த பிறகு எப்படிப் பால் இறங்கும் என்று நிஜமாகவே கவலைப்படுவார்கள். 'கஃபே' என்றால் ஒரு வாய் எஸ்பிரெஸோ வரும்.

அடுத்த தலைமுறை சமைக்குமா?

1986-ல் ரோம் நகரின் ஸ்பானிஷ் படிக்கட்டுகள் அருகே மெக்டொனால்ட்ஸ் கிளை வந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பியெத்மோன்டே பகுதியின் ப்ரா என்ற ஊரைச் சேர்ந்த கார்லோ பெத்ரீனி முன்னெடுத்த 'ஸ்லோ ஃபுட்' இயக்கம் அந்தச் சூழலில் வளர்ந்தது. நத்தைதான் அதன் சின்னம். நல்ல எளிய உணவகங்களைத் தொகுத்து 1990-லிருந்து அது வெளியிட்டுவரும் 'ஓஸ்டெரியே திதாலியா' என்ற கையேடு, இப்படிப்பட்ட இடங்களைத் தேடுகிறவர்களுக்கு இன்றும் நல்ல துணை. 2025 டிசம்பரில் டெல்லியில் கூடிய யுனெஸ்கோ குழு, இத்தாலியச் சமையலை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

பட்டம் கிடைத்துவிட்டது. அடுப்பைப் பற்றவைக்க ஆள் வேண்டுமே! அதிகாலையில் மாவு பிசைந்து, நள்ளிரவில் பாத்திரம் கழுவி, பண்டிகை நாளிலும் ஊராருக்குச் சமைக்கும் வாழ்க்கை இது. படித்து நகரத்துக்குப் போன பிள்ளைகள் திரும்பி வருவது நிச்சயமில்லை. ஒரு குடும்ப உணவகம் மூடினால், அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் உருட்டிய ஒரு பாஸ்தாவும், எழுதிவைக்காத ஒரு கைப்பக்குவமும் சேர்ந்து போய்விடும். இதைக் காப்பாற்றுவது பட்டங்கள் அல்ல. செவ்வாய்க்கிழமை மதியம்கூட அங்கே போய் உட்கார்ந்து சாப்பிட்டு, காசு கொடுத்துவிட்டு வரும் ஆள்கள்தான்.

எனவே, அடுத்த முறை இத்தாலிக்குப் போனால் ஒரே ஒரு மதியத்தை ஒதுக்குங்கள். அன்றைக்கு வேறு எந்த இடத்தையும் பார்க்கும் திட்டம் வேண்டாம். முதல்நாளே போன் பண்ணுங்கள். 'எத்தனை பேர்?' என்று கேட்பார்கள்.

சரியான எண்ணைச் சொல்லுங்கள். அத்தனை பேரும் போய்ச் சேருங்கள்.

மாவு தயாராக இருக்கும்!